நடந்தவர் எழுதிய நூல்கள்

நமது சங்கத்தின் புத்தக அலமாரியைப் பொறுப்பேற்று நடத்தும் அன்பர்கள் ஆண்டுதோறும் ஒரே குறையைக் கூறி வருகின்றனர். நாவல்கள் வெளியே போகின்றன. பக்தி நூல்கள் போகின்றன. போட்டித் தேர்வுக்குரிய நூல்கள் போனால் திரும்பி வருவதே இல்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை உடன் அழைத்து வரும் பெற்றோர் கேட்கும் நூலை மட்டும் எடுத்துக் கொடுக்க இயலவில்லை. கதைபோல் விறுவிறுப்பாக இருத்தல் வேண்டும். ஆனால் கற்பனையாக இருத்தல் ஆகாது. உண்மையில் ஒருவர் செய்த அருஞ்செயலாகவோ, வாழ்ந்து காட்டிய வாழ்வாகவோ இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். “அத்தகைய நூல் தமிழில் ஏது? ஆங்கிலத்தில்தான் வாங்க வேண்டும்” என்று சொல்லிக்கொண்டு அவர்கள் திரும்பிவிடுகின்றனர்.

ஐரோலியில் வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். வாயிற்படி இறங்கினால் இந்தியும் மராத்தியும் பேசுகின்றனர். பள்ளியில் ஆங்கிலம் படிக்கின்றனர். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் சிலரே. அச்சிலரும் வீரச் செயல் என்றால் அது வேறு மொழிக்காரர் செய்வது, தமிழில் உள்ளவை பாட்டி கதைகளும் நீதி போதனைகளுமே என்று எண்ணி வளர்வார்களாயின், அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தொலைத்துவிடலாம். ஆகவே அத்தகைய நூல் தமிழில் உண்டா, உண்டெனில் அது ஏன் நம் கண்ணில் படுவதில்லை என்பதைச் சற்று வரலாற்று முறையில் ஆராய்வது இம்மலருக்குப் பொருந்தும் என்று கருதுகிறோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, ரயில்வே அலுவலகக் கோப்புகளுக்கிடையே காலம் கழிக்கும் நாம் இதனைப் புலமையால் கூறவில்லை. பல ஆண்டுகள் ரயில் வண்டியில் அமர்ந்து படித்த பழக்கத்தால் கூறுகிறோம்.

ஆங்கிலத்தில் இவ்வகை நூல்கள் மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. 1947-ஆம் ஆண்டு தார் ஹெயர்டால் என்னும் நார்வே நாட்டினர் ஐந்து தோழருடன் மரக்கட்டைத் தெப்பத்தில் ஏறிப் பெரு நாட்டிலிருந்து பசிபிக் மாகடலில் 101 நாள் மிதந்து சென்று, அதனைக் ‘கோன்-டிக்கி’ என்ற நூலாக எழுதினார். உலக மொழிகள் பலவற்றில் அது வந்துவிட்டது. 1953-இல் எவரெஸ்ட் சிகரத்தில் கால் வைத்த டென்சிங் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆயினும் அவர் சொல்ல மற்றொருவர் எழுதி, 1955-இல் அவர் வாழ்க்கை வரலாறு நூலாயிற்று. இவ்வளவு தொலைவு போவானேன்? குளிர்காலத்தில் நம் ஐரோலிக் கழிமுகத்தில் செந்நிறப் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குவதை நம் பிள்ளைகள் படகேறிச் சென்று பார்க்கின்றனர். இப்பறவைகளைப் பற்றிய அறிவை இந்தியருக்கு ஊட்டிய சலீம் அலி பம்பாயில் பிறந்தவர். சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தி, அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருக்கக் கண்டு வியந்து, அது என்ன பறவை என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறியவர். அந்த ஒரு குருவி அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. தம் வரலாற்றை 1985-இல் ஏறக்குறையத் தொண்ணூறு வயதில் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளுக்கு அதனை வாங்கிக் கொடுப்பது நல்லதே. நம் கேள்வி தமிழைப் பற்றியது.

தமிழில் வாழ்க்கை வரலாறு என்ற பெயரில் வரும் சிறு நூல்கள் பல நம் அலமாரியிலும் இருக்கின்றன. அவற்றைப் பிள்ளைகள் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு வைத்துவிடுகின்றனர். அதில் பிள்ளைகளின் பிழை ஒன்றும் இல்லை. இன்ன ஊரில் பிறந்தார், இளமையிலேயே அறிவிற் சிறந்தார், பல இன்னல்களை வென்றார், புகழுடம்பு எய்தினார் என்று எல்லாப் பெரியாரையும் ஒரே அச்சில் வார்த்துவிடுகின்றனர். இன்னல்கள் என்றால் என்ன இன்னல்? கையில் எத்தனை ரூபாய் இருந்தது? அன்றிரவு எங்கே உறங்கினார்? எதைக் கண்டு அஞ்சினார்? இவற்றைச் சொல்லாத வரலாறு வரலாறாகாது. ஒரு நூலை விலை கொடுத்து வாங்குமுன் நாம் செய்யும் சோதனை ஒன்று உண்டு. நடுவில் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து, அதில் உணவு, கூலி, வழிச்செலவு, உடல்நோய் ஆகிய நான்கில் ஒன்றேனும் வருகிறதா என்று பார்ப்போம். வந்தால் அந்நூலை எழுதியவர் மெய்யாகவே அவ்வழியே நடந்தவர் என்று கொள்வோம்.

இச்சோதனையில் தேறும் நூல்கள் தமிழில் புதியன அல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில், எந்தக் கப்பல் எப்போது வந்தது, யார் யாரிடம் என்ன சொன்னார், ஊரில் என்ன வதந்தி என்பதெல்லாம் உள்ளன. கோயம்புத்தூர் நரசிம்மலு நாயுடு 1885-இல் பம்பாயில் கூடிய முதற் காங்கிரஸ் மகாசபைக்கு வந்தவர். இருப்புப் பாதை நாட்டை இணைத்த புதிதில் வடநாடு சுற்றி, ‘ஆரிய திவ்விய தேச யாத்திரையின் சரித்திரம்’ என்ற நூலை 1889-இல் வெளியிட்டார். போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் ரயில் ஓடியது 1853-இல். அத்தாணாவின் அருகிலேயே குடியிருக்கும் நமக்கு, ரயில் வந்த பிறகு ஒரு தமிழர் நாட்டை எப்படிக் கண்டார் என்பதைப் படிக்க ஆவல் எழுவது இயல்பே. எனினும் இவ்விரண்டும் பெரியவர்க்கு உரியவை. பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டத் தக்கவை என்று சொல்ல மாட்டோம்.

அவ்வாறு படித்துக் காட்டத் தக்க முதல் நூல் டாக்டர் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. இதைக் கேட்டவுடன் சிலர் முகம் சுளிக்கக் கூடும். பழைய ஏடு பதிப்பித்த புலவரின் வரலாற்றில் வீரச் செயல் எங்கே என்பர். தலைப்பாகையுடன் நாற்காலியில் அமர்ந்திருக்கும் முதியவரின் படத்தைப் பாடப் புத்தகத்தில் பார்த்து வளர்ந்ததால் வந்த மயக்கம் அது. நாம் அந்நூலில் காண்பது, ஒரு பொருளைத் தேடி ஊர் ஊராக அலைந்த மனிதரை.

1880-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21-ஆம் நாள், இருபத்தைந்து வயதினரான கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் செல்கிறார். என்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவுகிறார். அந்தாதி, உலா, பிள்ளைத்தமிழ், கோவை என்று தாம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட நூல்களை எல்லாம் ஆசிரியர் அடுக்குகிறார். முதலியார் வியப்புக் காட்டவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார். ஆசிரியர் அவற்றைப் படித்ததும் இல்லை. அவருடைய ஆசிரியரே படித்ததில்லை. படித்தவர் என்ற பெருமிதம் அந்த ஒரு மாலையில் கரைந்து போயிற்று. அங்கே தொடங்கிய தேடல் 1887-இல் சிந்தாமணியாகவும், 1889-இல் பத்துப்பாட்டாகவும், 1892-இல் சிலப்பதிகாரமாகவும், 1894-இல் புறநானூறாகவும், 1898-இல் மணிமேகலையாகவும் அச்சேறியது.

அத்தேடலின் பல கட்டங்கள் நம்மிற் பலருக்குச் சொந்த ஊரான திருநெல்வேலிச் சீமையில் நிகழ்ந்தவை. தாதரிலிருந்து வண்டியேறி விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பங்கள் அந்த ஊர்களை இன்றும் கடந்தே போகின்றன. ஆழ்வார்திருநகரியில் பத்துப்பாட்டின் ஏட்டைத் தேடி அவர் வீடு வீடாகக் கட்டுகளை அவிழ்த்துப் பார்க்கிறார், நாட்கள் போகின்றன, வேண்டியது கிடைக்கவில்லை. உடன் உதவிய இலட்சுமண கவிராயர் மனம் வருந்துகிறார். அன்றிரவு ஊரில் திருவிழா. சுவாமி புறப்பாடு நடந்துகொண்டிருக்கிறது. அப்போது கவிராயர் தம் மாமனாரிடமிருந்து பெற்ற ஒரு சுவடியை ஏந்தி வருகிறார். நிலா வெளிச்சத்தில் அதைப் பிரித்துப் பார்த்தால் பத்துப்பாட்டின் பெயர்கள் கண்ணில் படுகின்றன! இந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டிப் பாருங்கள். புதையல் தீவைத் தேடிப் போகும் கற்பனைக் கதை எதுவும் இதற்கு ஈடாகாது என்பதே நம் எண்ணம்.

எல்லா இடத்திலும் அவருக்கு வெற்றி கிட்டவில்லை. கரிவலம்வந்தநல்லூரில் வரதுங்க பாண்டியன் காலத்து ஏடுகள் கோயிலில் இருந்தன என்று கேள்விப்பட்டுச் செல்கிறார். சிதைந்து போன ஏடுகளை ஆகமப்படி நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டதாக அங்கே கூறுகின்றனர். அச்செய்தியைக் கேட்டு அவர் அடைந்த வேதனையை எழுதியிருக்கும் பக்கங்களை நாம் புறநகர் வண்டியில் படித்தோம். இறங்க வேண்டிய நிலையம் கடந்து போய்விட்டது.

இந்நூலைத் தொடக்கத்திலிருந்து பிள்ளைகளுக்குப் படிக்க வேண்டாம் என்பது நம் அனுபவம். உத்தமதானபுரத்தின் பழமையும் குலமுறையும் அழகாகவே எழுதப்பட்டவை; ஆயினும் அவை மெல்ல நடக்கும். சிந்தாமணி வேட்டை தொடங்கும் இடத்தில் புகுந்து, ருசி ஏற்பட்ட பிறகு முன்பகுதிக்குத் திரும்பலாம்.

‘என் சரித்திரம்’ 1940 ஜனவரி முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்தது. 122 அத்தியாயங்கள் வந்த நிலையில், மணிமேகலைப் பதிப்புக் காலத்தோடு, அது நின்றுவிட்டது. காரணம் யுத்தம் என்றும் ஒருவாறு சொல்லலாம். ஜப்பானியர் குண்டு வீசுவர் என்ற அச்சத்தால் 1942-இல் சென்னை நகரமே காலியாயிற்று. எண்பத்தேழு வயது நிரம்பிய ஐயரும் திருக்கழுக்குன்றத்துக்குப் பெயர்ந்து, அங்கே ஏப்ரல் 28-ஆம் நாள் காலமானார். நூல் வடிவம் பெற்றது 1950-இல்.

அதே யுத்தம் மற்றொரு தமிழரை வேறொரு வழியில் நடக்க வைத்தது. அவர் வெ. சாமிநாத சர்மா. திரு. வி. க.வுடன் ‘தேசபக்தன்’, ‘நவசக்தி’ பத்திரிகைகளில் பணியாற்றியவர். 1932-இல் பர்மா சென்று, ரங்கூனில் 1937 முதல் ‘ஜோதி’ என்ற பத்திரிகையை நடத்தி வந்தார். அக்காலத்து ரங்கூன் நகர மக்களில் ஏறக்குறையப் பாதியினர் இந்தியர். துறைமுகக் கூலிகள், ரயில்வே ஊழியர், வட்டிக்கடைக்காரர், குமாஸ்தாக்கள் என்று தமிழர் நிறைந்திருந்த ஊர் அது. தாராவியும் மாட்டுங்காவும் செம்பூரும் நமக்கு எப்படியோ, அப்படியே ரங்கூன் அன்றைய தமிழருக்கு என்று கொள்ளலாம். 1941 டிசம்பர் 23-ஆம் நாள் அந்நகரின்மீது குண்டு விழுந்தது. கப்பலில் இடம் கிடைத்தோர் சிலர், மற்றையோர் நடந்தனர். ஏறக்குறைய ஐந்து லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர் என்றும், வழியில் காலராவாலும் மலேரியாவாலும் பசியாலும் பல்லாயிரவர் மடிந்தனர் என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். வெள்ளையருக்கு ஒரு பாதையும் இந்தியருக்குக் கடினமான வேறொரு பாதையும் ஒதுக்கப்பட்டன என்ற கண்டனம் அன்றே எழுந்தது. சிந்துவின் ஆற்றைக் கடந்து, தமு வழியாக மணிப்பூர் மலைகளில் ஏறி இறங்கி, திமாபூர் வந்து சேர்ந்தால் ரயிலைக் காணலாம். அந்த நிலையத்துக்கு அந்நாளில் ‘மணிப்பூர் ரோடு’ என்று பெயர். எத்தனையோ பேருக்கு அந்தப் பெயர்ப்பலகை உயிர் பிழைத்ததற்குச் சான்றாயிற்று.

சர்மா தம் மனைவி மங்களம் அம்மையாருடன் மணிப்பூர் மலைகளைக் கடந்து வந்தவர் கூட்டத்தில் ஒருவர். ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ என்ற அவருடைய நூலை வீர சாகச நூல் என்று எவரும் விளம்பரம் செய்யவில்லை. அவரும் தம்மை வீரராகக் காட்டிக்கொள்ளவில்லை. எழுத்தையே தொழிலாகக் கொண்ட, மலையேறிப் பழக்கமில்லாத, நாற்பத்தாறு வயதுக் குடும்பஸ்தராகவே காட்டுகிறார். அதனால்தான் அந்நூல் நம்மைப் பற்றிக்கொள்கிறது. மலையேறுவதற்கென்றே பயிற்சி பெற்று, பணமும் பண்டமும் சேர்த்துக்கொண்டு செல்பவரின் துணிவு ஒருவகை. நேற்றுவரை அலுவலகம் போய் வந்தவர், இன்று எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுச் செல்வது என்று வீட்டு நடுவில் நின்று முடிவு செய்து, மனைவியின் கைப்பிடித்துக் காட்டுக்குள் இறங்கும் துணிவு மற்றொரு வகை. இரண்டாவது வகையே நம்போன்றோர் வீடுகளில் படிக்கத் தக்கது.

சர்மா எழுதிக் குவித்த பிற வாழ்க்கை வரலாறுகளும் உண்டு. கார்ல் மார்க்ஸ், கமால் அத்தாதுர்க், ஸன் யாட் ஸென் முதலியோரைத் தமிழருக்கு அறிமுகம் செய்தவர் அவரே. ஆங்கிலம் அறியாத ஒரு தலைமுறை உலக அரசியலைக் கற்றது அந்நூல்களில். ஆயினும் பெரிய மனிதரைப் பற்றி அவர் எழுதியவற்றைவிடத் தம் கால் கொப்புளங்களைப் பற்றி எழுதியதே இன்று உயிரோடு இருக்கிறது என்பது நம் கருத்து. மங்களம் அம்மையார் 1956-இல் மறைந்தபின் அவர் எழுதிய ‘அவள் பிரிவு’ என்ற கடிதத் தொகுதியைப் பெரியவர்கள் படிக்கலாம், பிள்ளைகளுக்கு வேண்டாம்.

ரங்கூனில் பத்திரிகை நடத்தப் பழகிய இன்னொருவரும் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911-இல் பிறந்த ஏ. கே. செட்டியார், ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராக அங்கே இருந்தவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றார். 1937 அக்டோபர் 2-ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து டப்ளின் செல்லும் கப்பலில் இருந்தபோது, அன்று காந்தியடிகளின் பிறந்த நாள் ஆகையால், அவரைப் பற்றி ஓர் உண்மைப் படம் எடுத்தால் என்ன என்ற எண்ணம் அவருக்குத் தோன்றிற்று. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. காந்தியடிகளைப் பல நாட்டினர் பல காலத்தில் படம் பிடித்த துண்டுகள் உலகெங்கும் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடி இங்கிலாந்து, பிரான்ஸ், தென்னாப்பிரிக்கா என்று அலைந்தார். ஸ்விட்ஸர்லாந்தில் ரோமெய்ன் ரோலந்தைக் கண்டார். ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் பயணம். நூறு படப்பிடிப்பாளர் முப்பது ஆண்டுகளில் எடுத்த 50,000 அடிப் படச்சுருள். அதிலிருந்து 12,000 அடி. இடையிலே இரண்டாம் உலக யுத்தமும் மூண்டுவிட்டது. 1940 ஆகஸ்டு மாதம் தமிழ் விளக்கவுரையோடு அப்படம் சென்னையில் திரையிடப்பட்டது. சுவடியைத் தேடிய ஐயரையும் சுருளைத் தேடிய செட்டியாரையும் அடுத்தடுத்துப் படிப்பவர்க்கு, இருவரும் ஒரே தொழிலைச் செய்தவர் என்பது விளங்கும்.

அவ்வாண்டிலேயே ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்ற அவரது பயண நூலும் வந்தது. (1973-இல் வந்த திரைப்படத்தின் பெயரோடு இதனைச் சிலர் குழப்பிக்கொள்கின்றனர், வாலிபன் வேறு, தமிழன் வேறு.) செட்டியாரின் நடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் சிறு வாக்கியங்களில் எழுதுவார். உபதேசம் செய்ய மாட்டார். ‘நான்’ என்ற சொல்லை இயன்றவரை ஒதுக்கிவிடுவார். விளம்பரத்தை வெறுத்தார்; தம் புகைப்படத்தை அச்சிடுவதையே விரும்பாதவர் என்பர். பெருந்தன்மையான குணந்தான், ஆனால் இதனால் விளைந்த நட்டமும் உண்டு. பிறருடைய வாழ்வை உலகுக்குக் காட்டத் தம் இளமையைச் செலவிட்டவரின் பெயரை நம் பிள்ளைகள் அறியவில்லை. காந்திப் படம் எடுத்த கதையை அவர் தாம் நடத்திய ‘குமரி மலர்’ மாத இதழில் தம் முதுமையில்தான் தொடராக எழுதினார். அவர் 1983-இல் மறைந்தார். அத்தொடர் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்ற நூலாக, வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில், 2003-இல்தான் வெளிவந்தது. படத்தின் கதியோ இதனினும் இரங்கத் தக்கது. தமிழ் மூலப் படம் மறைந்துபோய், 1953-இல் ஹாலிவுட்டில் ஆங்கிலத்தில் சுருக்கிச் செய்த வடிவமே பிற்காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது.

வேறு நூல்களையும் விரைவாகச் சொல்லிவிடுவோம். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு அச்சுக் கோப்பவராகப் பணி செய்த ம. பொ. சிவஞானம், வ. உ. சிதம்பரம் பிள்ளையின் வரலாற்றைக் ‘கப்பலோட்டிய தமிழன்’ என்று எழுதினார். சுதேசிக் கப்பலுக்காகச் சிதம்பரனார் பம்பாய்க்கே வந்து சென்றவர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ம. பொ. சி.யின் தன்வரலாறு ‘எனது போராட்டம்’. 1942 போராட்டத்தில் அவர் அடைபட்ட அமராவதிச் சிறை இந்த மகாராஷ்டிர மாநிலத்தில்தான் உள்ளது. நாகபுரி செல்லும் வழியில் பட்னேராவில் கிளை பிரிந்தால் அவ்வூர். நாடக வாழ்வை அறிய விரும்புவோர் ஔவை தி. க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’யைப் படிக்கலாம், 1918-இல் சிறு பிள்ளையாகச் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையில் சேர்ந்தவர் அவர். ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘டாக்டர் ரங்காச்சாரி’யும் விடத் தக்கதன்று. சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே பொது மருத்துவமனை வாயிலில் சிலையாக நிற்கும் அந்த மருத்துவர், 1930-களிலேயே சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருந்தவர்.

இவை ஏன் நம் கண்ணில் படுவதில்லை என்ற கேள்விக்கு வருவோம். இவற்றுட் சில முதலில் பத்திரிகைத் தொடர்களாக வந்தவை. வாரப் பத்திரிகை மறுவாரம் பழைய தாள். அடுத்த மாதம் மளிகைக் கடைப் பொட்டலம். எவரோ ஒருவர் கிழித்துத் தைத்துப் பாதுகாத்திருந்தால்தான் அது பிழைக்கும். மற்றொரு காரணம், புத்தகக் கடைக்காரர் இவற்றை வைக்கும் இடம். ‘என் சரித்திரம்’ இலக்கியத்தோடும், பர்மா வழிநடை கட்டுரைகளோடும், செட்டியாரின் நூல் காந்தியத்தோடும் அடுக்கப்படுகின்றன. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தகப்பனார் அந்த அடுக்குகளின் பக்கமே போவதில்லை.

கிழித்துத் தைத்துப் பாதுகாத்தவருள் ஒருவரை இங்கே நினைக்க வேண்டும். அவரும் கோட்டையூர்க்காரரே. பெயர்ப்பலகை எழுதும் ஓவியராகச் சென்னையில் தொழில் செய்த ரோஜா முத்தையா, சென்ட்ரலை அடுத்திருந்த மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் நூல்களைப் பொறுக்கத் தொடங்கினார். பிறகு ஊர் திரும்பி, வீடு முழுவதும் நூலும் இதழும் நோட்டீசுமாக நிரப்பினார். அவர் 1992-இல் மறைந்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் சேர்ந்திருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் 1994-இல் அத்தொகுதியை வாங்கி, அயல்நாட்டுக்குக் கொண்டு போகாமல் சென்னையிலேயே ஓர் ஆராய்ச்சி நூலகமாக அமைய வழி செய்தது. மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் இன்று புறநகர் ரயில்கள் புறப்படுகின்றன. முத்தையா அங்கிருந்து கோட்டையூருக்குத் தூக்கிச் சென்றவை மட்டும் அத்தீயில் வேகவில்லை. ஒரே சிற்றூரில் உலகைச் சுற்றி எழுதியவர் ஒருவரும், வீட்டிலிருந்தே அத்தகைய எழுத்தைக் காத்தவர் ஒருவரும் தோன்றியது செட்டிநாட்டுக்கு வாய்த்த பேறு.

இனி நூல் கிடைக்குமிடம். நாம் மேலே கூறிய எழுத்தாளருட் சிலருடைய நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியிருப்பதால், அவற்றைப் பல பதிப்பகத்தார் அடக்க விலையில் அச்சிட்டுள்ளனர். ‘என் சரித்திர’த்தை 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பில் காசின்றிப் படிக்கலாம்; கைத்தொலைபேசியிலேயே எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க வசதி உண்டு. ஆனால் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடக் கூடாது. தமிழ் எழுத்துத் திணறும் பிள்ளைக்கு முதலில் காதுதான் வழி. இரவு உணவுக்குப் பின் பத்து நிமிஷம் தாயோ தந்தையோ, ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தாத்தாவோ பாட்டியோ படித்துக் காட்டினால் போதும். முக்கியமான இடத்தில் நிறுத்திவிட வேண்டும். மறுநாள் மீதியைத் தானே படிக்க முயலும் பிள்ளைகளை நாம் நம் குடியிருப்பிலேயே பார்த்திருக்கிறோம்.

சங்கத்து அலமாரிக்கென இவ்வாண்டு ஒதுக்கிய தொகையில் ‘என் சரித்திரம்’ இரண்டு படிகளும், பர்மா வழிநடை நூல் இரண்டு படிகளும், ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ ஒரு படியும் வாங்கலாம் என்று செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறோம். அட்டையின் முதுகில் சிவப்புத் தாள் ஒட்டி, ‘உண்மையில் நடந்தவை’ என்று எழுதித் தனித் தட்டில் வைக்கவும் வேண்டியுள்ளோம். பழைய ‘குமரி மலர்’ இதழ்களோ, கிழித்துத் தைத்த தொடர்களோ பரண்மேல் வைத்திருப்போர் பழைய தாள்காரரை அழைக்குமுன் செயலாளருக்கு ஒரு வார்த்தை சொல்வாராக. நம் குடியிருப்பில் பாட்டனார் பர்மாவிலிருந்து நடந்து வந்த குடும்பங்கள் இருத்தல் கூடும். தாராவித் தோல் பதனிடும் சாலைகளில் கூலியாகத் தொடங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெரியவர்களும் உளர். எழுத வராது என்று அவர்கள் தயங்க வேண்டியதில்லை. அவர்கள் சொன்னால் எழுதிக்கொள்ள நாம் ஞாயிறு மாலைகளில் நோட்டுப் புத்தகத்துடன் வீட்டுக்கே வருவோம். அடுத்த ஆண்டு மலரில் அதற்கென எட்டுப் பக்கம் விட மலர்க்குழுவினர் இசைந்திருக்கின்றனர்.